வளையத்தைத் தொட்டாலும் ஒரு புள்ளி

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தை முன்னிட்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே அடைபட்டு, நாள்தோறும் ஒரே விதமான தேகப்பயிற்சிகளைச் செய்து சலித்துப் போயிருந்த பதினெட்டு மாணவர்களை எப்படியாவது உற்சாகப்படுத்தியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்துக்கு ஆளான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பீச் பழக் கூடைகள் இரண்டைக் கொண்டுவரச் செய்து, கூடத்தின் மாடக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் எதிரெதிராக ஆணியடித்து மாட்டினார். இலக்கு தரைமட்டத்தில் இருக்குமானால் பலசாலி பந்தை முழு வேகத்தோடு வீசுவான், அதனால் அடியும் காயமும் நேரும். அதையே தலைக்கு மேலே கிடையாக வைத்துவிட்டால் பந்தை வளைவாக எறிந்துதான் உள்ளே விழச் செய்ய முடியும், அங்கே பலத்துக்கு வேலை குறைந்து பக்குவத்துக்கு வேலை மிகும் என்பது அவர் கண்ட சூட்சுமம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று அவர் விதித்ததும் அதே நோக்கத்தோடுதான். ஆகவே கூடைப்பந்து என்பது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட மனிதர்கள் ஆடுவதற்கு ஏற்றபடி யோசித்துச் சமைக்கப்பட்ட ஆட்டம். ஆடுபவரின் நிலைமையைப் பார்த்து விதியை வகுப்பது அதன் பிறப்பிலேயே அமைந்த குணம். அவர் பணியாற்றிய அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தார்தாம், ஹாரி குரோ பக் என்பவரைக் கொண்டு 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றை நிறுவி, இந்நாட்டுப் பள்ளிகளின் மைதானங்களில் இத்தகைய ஆட்டங்கள் வேரூன்றவும் வழிசெய்தவர்கள்.

இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்காக ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கம் வகுத்திருக்கும் தனிநபர் கூடைப்பந்துத் திறன் போட்டியின் அருமை விளங்கும். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடும் முழு ஆட்டத்தில், பத்துப் பேர் ஒரே சமயத்தில் ஓட, நடுவரின் விசில் ஒரு பக்கமும் தோழர்களின் கூவல் மறுபக்கமும் காதில் விழ, பந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, நாமே எறியலாமா என்பதை எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானித்தாக வேண்டும். பந்தைப் பிடிக்கவும் எறியவும் தெரிந்தும், இவ்வளவையும் ஒருங்கே மனத்தில் கொள்ள இயலாத காரணத்தால் களத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டுவிடுகிற பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களைக் களத்துக்குள் அழைப்பதற்காக, ஆட்டத்தை அதன் உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே ஆடவும் அளக்கவும் கூடியதாக ஆக்கியிருக்கிறார்கள். இதை இரக்கத்தின் பேரால் செய்த சலுகை என்று எண்ணுபவர்கள் உண்டு. விதிப்புத்தகத்தைச் சற்றே பொறுமையுடன் வாசித்துப் பார்ப்பவர்களுக்கு, இது இரக்கத்தைவிட மேலான ஒன்றால், அதாவது கண்டிப்பான நியாய உணர்ச்சியால், கட்டப்பட்டது என்பது தெரியவரும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இயக்கம் பிறந்த கதையில் ஒரு குடும்பத்தின் துயரமும் அடங்கியிருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி, சிறு வயது முதலே அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர். 1941-இல் அவருக்குச் செய்யப்பட்ட மூளை அறுவைச் சிகிச்சை அவரது நிலையை மேலும் மோசமாக்கிவிடவே, எஞ்சிய வாழ்நாளை அவர் பராமரிப்பு நிலையத்திலேயே கழிக்க நேர்ந்தது. இத்தகைய பிள்ளைகளை வீட்டின் உள்ளறையில் மறைத்து வைப்பதே அக்காலத்துச் சமூகத்தின் வழக்கமாக இருக்க, ரோஸ்மேரியின் தங்கையான யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், 1962-இல் ஒரு பிரபல வாரப் பத்திரிகையில் தம் சகோதரியைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். அதே ஆண்டின் கோடையில், மேரிலாந்து மாகாணத்திலிருந்த தம் இல்லத்துப் புல்வெளியிலேயே அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பகல்நேர விளையாட்டு முகாம் ஒன்றையும் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவில் டொரண்டோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஃபிராங்க் ஹேடன் என்னும் உடற்கல்வி அறிஞர், இப்பிள்ளைகளின் தேகபலம் குன்றியிருப்பதற்கு அவர்களுடைய குறைபாடு மாத்திரமே காரணம் அன்று, ஓடியாடச் சந்தர்ப்பம் அளிக்கப்படாமையே பெரும் காரணம் என்று எடுத்துக்காட்டினார். அதுவரையில் விதியின் மேல் சுமத்தப்பட்டிருந்த பழி, இதனால் சந்தர்ப்பம் தராத மனிதர்களின் மேல் வந்து விழுந்தது.

சிகாகோ நகரப் பூங்காத் துறையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஆன் பர்க் என்பவர் முன்வைத்த யோசனையை விரிவுபடுத்தி, 1968-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் அந்நகரின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் முதலாவது சர்வதேச ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடத்தப்பட்டன. யூனிஸின் சகோதரர் ராபர்ட் கென்னடி கொலையுண்டு அப்போது இரண்டு மாதங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் பேர் போட்டியிட்ட அந்த மாபெரும் மைதானத்தில், பார்வையாளர் பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1988-இல், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த இயக்கத்துக்கு முறையான அங்கீகாரம் அளித்தது.

இனிப் போட்டியின் அமைப்பைப் பார்ப்போம். தனிநபர் திறன் போட்டியின் முதல் நிலையில் மூன்று அங்கங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது, இலக்கு நோக்கிப் பந்தை எறிவது. ஒரு சுவரில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்கி, நீளமும் அகலமும் ஒரு மீட்டராக உள்ள சதுரம் ஒன்று சாக்கட்டியாலோ ஒட்டுநாடாவாலோ வரையப்படுகிறது, சுவரிலிருந்து 2.4 மீட்டர் தள்ளித் தரையில் மூன்று மீட்டர்ச் சதுரம் ஒன்று குறிக்கப்பட்டு, ஆடுபவர் அதற்குள் நின்றுகொண்டு ஐந்து முறை எறிகிறார். சுவரின் சதுரத்துக்குள் பந்து பட்டால் மூன்று புள்ளிகள். அதன் கோட்டின் மேல் பட்டால் இரண்டு. சதுரத்துக்கு வெளியே எங்கே பட்டாலும், சுவரை அடைந்துவிட்டபடியால், ஒன்று. தரையில் குதித்த பிறகு சுவரில் பட்ட பந்துக்கு மாத்திரம் புள்ளி இல்லை. இவ்வளவோடு நிற்காமல், திரும்பி வரும் பந்தைத் தம் சதுரத்துக்குள் நின்றபடியே, நேராகவோ தரையில் குதித்த பிறகோ, பிடித்துக்கொண்டால் அதற்கென்று தனியே ஒரு புள்ளி உண்டு. கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்ததே கூடைப்பந்து என்னும் உண்மையை, எதிரில் தோழன் இல்லாத இடத்தில் ஒரு சுவரைத் தோழனாக நிறுத்திக் கற்பித்திருக்கும் சாமர்த்தியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இரண்டாவது அங்கம், பத்து மீட்டர் தூரம் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே செல்வது. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள பாதையின் இரு கோடியிலும் கூம்புகள் நிறுத்தப்பட்டிருக்கும்; சைகை கிடைத்ததும் புறப்பட்டு, ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டு போய், எல்லைக் கோட்டைக் கடந்து, பந்தைக் கையில் எடுத்த பிறகே ஸ்டாப் வாட்ச் நிற்கும். இரு கையாலும் தட்டினாலோ, பந்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாலோ, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு விநாடி சேர்க்கப்படும். சக்கர நாற்காலியில் வருபவர் இரண்டு முறை சக்கரத்தைத் தள்ளி, இரண்டு முறை பந்தைத் தட்டி, இவ்விதமாக மாற்றி மாற்றிச் செல்ல வேண்டும். பந்து பாதையை விட்டு ஓடிப்போய்விட்டால் ஆட்டம் முடிந்துபோவதில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க, ஆடுபவர் அந்தப் பந்தையே துரத்திப் பிடித்து வரலாம், அல்லது வழியில் வைக்கப்பட்டிருக்கும் மாற்றுப் பந்துகளுள் அருகிலிருப்பதை எடுத்துக்கொண்டு தொடரலாம். இரண்டு முறை வாய்ப்பு அளிக்கப்பட்டு, அவற்றுள் சிறந்ததன் நேரமே ஓர் அட்டவணையின்படி புள்ளியாக மாற்றப்படுகிறது.

மூன்றாவதே மகுடம் போன்றது. கூடையை நோக்கி எறிவது. வளையத்தின் முன்விளிம்புக்கு நேர் கீழே தரையில் ஓர் இடத்தைக் கணக்காக வைத்து, அதன் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் மும்மூன்றாக ஆறு இடங்கள் குறிக்கப்படுகின்றன. பக்கவாட்டில் எல்லாமே ஒன்றரை மீட்டர்; முன்னோக்கி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று தூரம் வளர்ந்துகொண்டு போகும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு எறிகளாக மொத்தம் பன்னிரண்டு. கிட்டத்து இடங்களிலிருந்து கூடைக்குள் போட்டால் இரண்டு புள்ளிகள், நடு இடங்களிலிருந்து மூன்று, எட்டத்து இடங்களிலிருந்து நான்கு. பன்னிரண்டையும் போட்டுவிடுபவருக்கு முப்பத்தாறு. ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது இந்தப் பெரிய எண்கள் அன்று. கூடைக்குள் விழாவிட்டாலும், பந்து பலகையிலோ வளையத்திலோ பட்டுவிட்டால் அந்த எறிக்கும் ஒரு புள்ளி உண்டு என்பதே அது. சாதாரண ஆட்டத்தில் வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தும், பாதி வழியிலேயே தரையில் விழுந்த பந்தும் கணக்கில் ஒன்றே, இரண்டும் பூஜ்யம். ஆனால், பத்தடி உயரத்தை எட்டும்படியாகப் பந்தை மேலே செலுத்துவதற்கே பல மாதங்கள் பழகவேண்டியிருக்கிற ஒருவரின் விஷயத்தில், அவ்விரண்டு எறிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வருஷத்துப் பிரயத்தனமாக இருக்கக்கூடும். அந்த வருஷத்தை இந்த ஒற்றைப் புள்ளி கணக்கில் ஏற்றுக்கொள்கிறது.

இத்தகைய பயிற்சி நடைபெறும் பள்ளி முற்றம் ஒன்றில் சிறிது நேரம் நின்று கவனிப்பவர்களுக்கு, விதியின் ஒவ்வொரு சொல்லும் ஏன் எழுதப்பட்டது என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். பந்தைத் தட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளை முதலில் உள்ளங்கையால் பந்தை அறைகிறது. பந்து தன் போக்கில் போய்விடுகிறது. ஆசிரியை பின்னால் நின்று, அதன் கைமேல் தம் கையை வைத்து, விரல் நுனிகளை விரியச் செய்து, "அடிக்காதே கண்ணு, அமுக்கு, அமுக்கு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார். நின்ற இடத்திலேயே தட்டப் பழகியதும் ஓரடி நடை, நடை தொடங்கியவுடன் கண் பந்தை விட்டு அகன்று காலுக்குப் போய்விடுகிறது, மறுபடியும் முதலிலிருந்து. சில பிள்ளைகள் எல்லைக் கோட்டை வந்தடைந்ததும் மகிழ்ச்சிப் பெருக்கில் பந்தை விட்டுவிட்டுக் கைகளை உயரத் தூக்கிவிடுவார்கள். கடிகாரமோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். "பந்தை எடு, பந்தை எடு" என்று முற்றம் முழுவதும் ஒரே குரலாகக் கூவும்போது, அந்தப் பிள்ளை திரும்பி ஓடிப்போய், உருண்டு செல்லும் பந்தை இரு கையாலும் வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும். தொடங்கிய காரியத்தை முடித்துவிட்டு நிற்பது என்னும் ஒரு பழக்கம் அந்தக் கணத்தில் அதன் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது.

இப்போட்டியின் உயிர்நிலை, ஆடுபவர்களைப் பிரிவுகளாக வகுக்கும் முறையில் இருக்கிறது. ஆண், பெண் என்றும், எட்டு முதல் பதினொன்று, பன்னிரண்டு முதல் பதினைந்து என்று தொடங்கும் வயது வரிசையிலும் பிரித்த பிறகு, முன்னோட்டச் சோதனையில் அவரவர் பெற்ற புள்ளிகளைக் கொண்டு, ஏறத்தாழ ஒத்த திறமை உடையவர்களை மாத்திரமே ஒரு பிரிவில் சேர்க்கிறார்கள். ஒரு பிரிவில் மூவருக்குக் குறையாமலும் எண்மருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அதில் முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையே பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இராதபடி பார்த்துக்கொள்வது வழிகாட்டும் நெறி. இதன் பயனாக, சதுரத்துக்குள் ஐந்து முறையும் அடிக்கக்கூடியவரும், சுவரையே இரண்டு முறைதான் எட்டக்கூடியவரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லாமல், இருவருமே தம் சமானஸ்தர்களோடு மெய்யாகவே மோதுகிறார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்ட பந்தயம் பந்தயமாகாது என்பதால், இந்த வகுப்பு முறையைத்தான் நான் இப்போட்டியின் ஆகச் சிறந்த விதி என்று கருதுகிறேன். முதல் மூவருக்குப் பதக்கமும், நான்கு முதல் எட்டு வரையில் உள்ளவர்களுக்கு ரிப்பனும் வழங்கப்படுகின்றன.

சோதனையில் வேண்டுமென்றே மந்தமாக ஆடிக் கீழ்ப்பிரிவில் இடம்பிடித்து, இறுதிப் போட்டியில் சுலபமாகத் தங்கம் வாங்கிவிட்டால் என்ன என்று ஆசைப்படுகிற பயிற்சியாளர்கள் எந்த நாட்டிலும் இருக்கக்கூடும். அதற்கும் விதி உண்டு. சோதனையில் காட்டிய திறமையைக் காட்டிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுதியில் ஒருவர் முன்னேறிவிட்டால், முழுமுயற்சி செய்யவில்லை என்று கருதி அவரைப் போட்டியிலிருந்து நீக்க அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கிறது. சக மனிதனிடம் எதிர்பார்க்கிற நேர்மையை அறிவுசார் குறைபாடு உடையவரிடமும் குறைவின்றி எதிர்பார்ப்பது, அவருக்கு நாம் செய்யும் மரியாதைகளுள் தலையாயது.

இந்த ஜாக்கிரதை அநாவசியமானது அன்று என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 2000-ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்ஸில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் நாட்டு அணி தங்கப் பதக்கம் வென்றது. சில வாரங்களுக்குள்ளாகவே, அவ்வணியில் ஆடிய ஒரு பத்திரிகையாளர், பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எவ்விதக் குறைபாடும் இல்லை என்றும், முறையான பரிசோதனையே நடக்கவில்லை என்றும் அம்பலப்படுத்தினார். பதக்கங்கள் திருப்பி வாங்கப்பட்டன. அதோடு முடிந்திருந்தால் ஆறுதல் கொள்ளலாம். அவ்வணியில் குறைபாடில்லாமல் ஆடியவர்கள் பத்துப் பேர். ஆனால் அறிவுசார் குறைபாடு உடைய போட்டியாளர்கள் அனைவருமே பாராலிம்பிக்ஸிலிருந்து விலக்கப்பட்டார்கள். 2012-இல் லண்டனில் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகியவற்றில்தான் அவர்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது, கூடைப்பந்துக்குத் திறக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத வீரர்கள் தங்கள் இளமைக் காலத்தையே இதில் இழந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் இதே நியாயத்தை வேறு வழியில் சாதித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் முதுகெலும்பு முறிந்து திரும்பிய போர்வீரர்களிடையே 1940-களில் அமெரிக்காவில் தொடங்கி, 1960-இல் ரோம் நகரில் நடந்த முதல் பாராலிம்பிக்ஸிலேயே இடம்பெற்ற ஆட்டம் அது. அதில் ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடல் இயக்கத்தின் அளவைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரையில் ஒரு மதிப்பெண் உண்டு; களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை பதினான்கைத் தாண்டக்கூடாது. ஆதலால், இடுப்புக்கு மேலும் அசைவு குன்றிய ஒருவர் இல்லாமல் அணியை அமைப்பது கடினமாகிறது. அவரைக் களத்தில் இறக்குவது தயவாக இராமல், அணியின் தேவையாகவே ஆகிவிடுகிறது.

திறன் போட்டியோடு வழி அடைபட்டுவிடுவதில்லை. அதிலிருந்து மேலேறுபவர்களுக்கு, ஐவர் தத்தம் இடத்தில் நின்று வரிசையாகப் பந்தைக் கைமாற்றி, கடைசியில் இருப்பவர் கூடைக்கு எறிகிற குழுத்திறன் போட்டி இருக்கிறது. பிறகு அரைக்களத்தில் மூவருக்கு மூவர் ஆடும் ஆட்டம். அதற்கும் அப்பால் முழு ஆட்டம். குறைபாடு உடையோரும் இல்லாதோரும் ஒரே அணியில் கலந்து ஆடும் ஒருங்கிணைந்த ஆட்டமும் உண்டு. அதில் ஐவருள் மூவர் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வீரர்களாகவும் இருவர் துணைவீரர்களாகவும் நிற்பார்கள். சிறியவர்களுக்குக் கூடையை எட்டடியாகத் தாழ்த்திக்கொள்ளவும், சற்றே சிறிய பந்தைக் கொடுக்கவும் விதி இடமளிக்கிறது.

நம் நாட்டில் 2001-இல் பதிவுபெற்ற ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்னும் அமைப்பு, தமிழ்நாடு உட்பட மாநிலந்தோறும் இப்பணியை நடத்திவருகிறது. 2023-இல் பெர்லின் நகரில் நடந்த உலகப் போட்டிகளில் இந்தியர் 76 தங்கம் உள்ளிட்ட 202 பதக்கங்களைப் பெற்றுத் திரும்பினர். செய்தித்தாள்கள் அந்த எண்ணிக்கையை வெளியிட்டுவிட்டு ஓய்ந்துபோயின. ஒவ்வொரு பதக்கத்துக்கும் அடியில் இருக்கும் வகுப்பு முறையையும், ஆண்டு முழுதும் நடைபெறும் பயிற்சியையும் வாசகர்களுக்கு யாராவது எடுத்துரைத்திருந்தால், பல பெற்றோர்கள் மறுநாளே தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு மைதானத்தைத் தேடிப் புறப்பட்டிருப்பார்கள். எட்டு வயது நிரம்பிய எவரும் போட்டியிடலாம். மேல்வயதுக்கு வரம்பே இல்லை. பள்ளிப் பருவம் கடந்து, வீட்டோடு இருந்துவரும் நாற்பது வயது மகனுக்கும் அங்கே ஒரு பிரிவு இருக்கிறது.

செலவும் பெரிதில்லை. உறுதியான ஒரு சுவர், சாக்கட்டி, அளவுநாடா, நான்கு கூம்புகள், மூன்று பந்துகள், ஒரு ஸ்டாப் வாட்ச், கூடை மாட்டிய ஒரு கம்பம் இருந்தால் முதல் நிலைப் போட்டியை எந்த ஊர்ப் பள்ளியிலும் நடத்திவிடலாம். சிரத்தை வேண்டுவது புள்ளி எழுதுபவருக்குத்தான். சுவரில் பட்ட பந்தைக் குறித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிடுபவர், அது திரும்பிவந்து பிடிபடுவதைக் காணத் தவறிவிடுவார். ஆகையால், சுவரைப் பார்க்க ஒருவரும் ஆடுபவரின் கைகளைப் பார்க்க இன்னொருவருமாக, ஒவ்வொரு சதுரத்துக்கும் இருவரை நிறுத்தி, ஐந்து எறிகளும் முடிந்த பிறகே தாளில் கூட்டிப்போடுவது நல்லது.